மேற்கே நீட்டாத கால்

ராயபுரம்,
12 நவம்பர் 2024

மெஹ்னாஸுக்கு,

சலாம். நலமா என்று கேட்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று அம்மா நம் இருவரையும் பழக்கியிருக்கிறார். அதற்காகக் கேட்கிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய்.

உன் அழைப்புகளை நான் எடுப்பதில்லை என்பதால் குரல் செய்திகளாக அனுப்பிக்கொண்டிருக்கிறாய். ஒன்றையும் கேட்கவில்லை. குரல் என்றால் நீ அழுவாய். அழுகிறவர்களிடம் நியாயம் பேச முடியாது. இனி எதுவானாலும் மின்னஞ்சலில் எழுது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

செய்தி இதுதான். அத்தாவை எர்ணாவூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. பேச்சு மட்டும் திரும்பிவிட்டது. அது திரும்பாமல் இருக்குமா? கல்லூரியில் பொருளாதாரம் நடத்திவிட்டு மாலையில் வந்து அவர் துணியை மாற்ற என்னால் ஆகாது. வீட்டில் பெண்கள் யாருமில்லை. இல்லத்தை நடத்துபவர் ஜானட் என்ற நாகர்கோவில்காரப் பெண்மணி. சுத்தமான இடம். வண்ணாரப்பேட்டை ஜவுளி மொத்த வியாபாரி அலி அக்பருக்கு ஒரு பொது அறையில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்திருக்கிறது.

ஆட்டோவில் ஏற்றும்போது, "எங்கடா இட்டுக்கினு போற?" என்றார்.

"நல்ல எடத்துக்கு" என்றேன்.

அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றியபோது அம்மாவும் இதைத்தான் கேட்டார். அத்தா அப்போது இதே பதிலைத்தான் சொன்னார். அவருக்கு ஞாபகம் இருந்ததா தெரியாது. எனக்கு இருந்தது.

இதற்கு உன் சம்மதம் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தவ்ஃபீக்


ஆக்லாந்து,
14 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளைகளும் அவன் கிருபையால் சுகம். உங்களுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? காலை மாத்திரையை மறந்துவிட்டு வகுப்புக்கு ஓடாதீர்கள்.

நான் குறை சொல்ல மாட்டேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்து பிழைக்கிறவள், இல்லத்தில் சேர்த்தது பாவம் என்று எந்த வாயால் சொல்வேன்? ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். சேர்க்கும்போது ஜானட் உங்களிடம் என்ன விசாரித்தார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், இங்கே என் பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் சமோவா, தோங்கா தீவுகளிலிருந்து வந்த பெரியவர்கள். இளம் வயதில் தொழிற்சாலை வேலைக்கென்று வந்தவர்கள், இங்கேயே கிழவர்களாகிவிட்டார்கள். முன்பு எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நியாயம் என்று இருந்தோம். ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, அவரவர் அறையில் அவரவர் தட்டு. தாவித்தா என்று ஒரு சமோவாப் பெரியவர், தேவாலயத்தில் மூப்பராக இருந்தவர், தட்டைத் தொடவே மாட்டார். பசியில்லை என்று நாங்களே முடிவுகட்டினோம். ஒருநாள் அவர் மகள் வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "எங்களில் யாரும் ஜெபம் சொல்லாமல், தனியாக, சாப்பிட மாட்டார்கள். தான் செய்த ஏதோ தப்புக்காக ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்." அன்று மாலை எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோம். பாடினார்கள், ஜெபித்தார்கள். தாவித்தா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது புதிதாக யார் வந்தாலும் முதலில் குடும்பத்திடம் உட்கார்ந்து கேட்கிறோம். யாரோடு சாப்பிடுவார், யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று எல்லாம். அவர்கள் முன்னால் நடந்து போனால்கூட முதுகை வளைத்து "துலோ", அதாவது மன்னியுங்கள், என்று சொல்லிவிட்டுத்தான் போகிறோம். அத்தா நாற்காலியில் இருக்கும்போது நாமும் குனிந்துதானே போவோம்?

அத்தாவுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், அண்ணா. குளிப்பாட்ட ஓர் ஆண். துடைக்கக் காகிதமல்ல, தண்ணீர். அது இல்லாவிட்டால் உடம்பு சுத்தமில்லை என்று தொழுகையை விட்டுவிடுவார். ஜானட்டிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மெஹ்னாஸ்


ராயபுரம்,
20 டிசம்பர் 2024

மெஹ்னாஸுக்கு,

சலாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை ஒன்றுமில்லை. நீ காத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஜானட் கேட்டார். உன் ஊரில் கேட்பதுபோலவே கேட்டார். "சாருக்குன்னு தனியா ஏதும் உண்டா? சாப்பாடு, தொழுகை, குளிக்க வைக்கதுல ஏதும்? நீங்க சொன்னாத்தான எங்களுக்குத் தெரியும்?" என்றார். நல்ல பெண்மணி.

நான் சொன்ன பதில்: "ஒன்றுமில்லை. எல்லாரையும்போல நடத்துங்கள்."

பொறு. உடனே எழுத உட்காராதே. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து சமையலறையை ஒட்டிய அறையில் கிடந்தது உனக்குத் தெரியும். என்னைத் தொடவிடவில்லை. "நீ ஆம்பளப் புள்ள, போடா" என்பார். அதற்காக அம்மாமேல் எனக்கு வருத்தமில்லை. ராயபுரத்தில் ரெஜினா என்று ஒரு நர்ஸ், வீட்டுக்கு வந்து பார்ப்பவர். அவரைப் பற்றி முதலில் அம்மாவிடம் கேட்டேன். "பொம்பள தான? வரச் சொல்லு" என்றார். அம்மாவுக்குச் சம்மதம், மெஹ்னாஸ். இதைக் கவனித்துப் படி.

ரெஜினா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து படியை மறித்து நின்றார்.

"இன்னா ஜனம் இது?"

"நர்ஸ்" என்றேன்.

"அத்தக் கேக்கல. எவளோ வருவா, என் வூட்டுப் பொம்பளய அப்பிடி இப்பிடிப் பாத்துட்டுப் போயி நாலு வூட்ல சொல்லுவா. வேணாம். அனுப்பு."

"நான் எதுக்கு பாய் வெளிய சொல்லப் போறேன்? எங்கம்மா மாதிரி பாத்துக்குவேன்" என்றார் ரெஜினா.

"அப்ப உங்கம்மாவயே போயிப் பாரு."

கழற்றிய செருப்பைக் காலில் போடக்கூடத் தோன்றாமல், கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். உள்ளே அம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருந்தது. நான் போனபோது முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அன்றிலிருந்து அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். குடிக்காவிட்டால் நனையாது அல்லவா? பக்கத்து வீட்டு அக்கா எப்போது வருவாரோ, அதுவரை அடக்கிக்கொண்டு கிடப்பார். தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது காலம் கடந்திருந்தது. உனக்கு "கிட்னி" என்று மட்டும் சொன்னோம்.

அம்மாவின் மய்யித்தைக் குளிப்பாட்ட ஜமாஅத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். அத்தா வாசலில் நின்று, "வாங்க, உள்ள வாங்க" என்று ஒவ்வொருத்தரையும் அழைத்தார். உயிரோடு இருந்தபோது ஒருத்திக்கு மறித்த படி அது.

அத்தாவை இப்போது இரண்டு பெண்கள் குளிப்பாட்டுகிறார்கள். கண்ணை இறுக மூடிக்கொள்கிறாராம். மூடட்டும். தொழுவதில்லை. அம்மாவும் கடைசி மாதங்களில் தொழவில்லை, அதே காரணம்தான். அத்தாவை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, பட்டினி போடவில்லை. எல்லாரையும்போல நடத்துகிறார்கள்.

அம்மா கிடந்தபோது நீ ஏதோ ஒரு தீவுக்காரம்மாவுக்குப் பக்குவமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருப்பாய். பிள்ளைகளுக்கு என் அன்பு.

தவ்ஃபீக்


ஆக்லாந்து,
22 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

ரெஜினாவைப் பற்றி அம்மா என்னிடம் சொல்லவில்லை. போனில் எப்போது கேட்டாலும், "நல்லாக் கீறேன்மா, நீ புள்ளங்களப் பாரு" என்பார். நான் நர்ஸ். நாக்கு உலர்ந்தவர்கள் பேசுகிற குரல் எனக்குத் தெரியும். அதைக் கேட்டும் விட்டுவிட்டேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அத்தா செய்தது அநியாயம். அவர் பக்கம் பேச வரவில்லை. ஆனால் நீங்கள் ஜானட்டிடம் சொன்னதை, நான் முதலில் எழுதியதோடு வைத்துப் பார்த்தேன். எல்லாரையும்போல என்பது எங்கள் அறியாமை. உங்களிடம் அது ஆயுதம். அறியாமல் செய்த எங்களைத் தாவித்தாவின் மகள் திட்டித் திருத்தினாள். அறிந்து செய்பவரை நான் எதைச் சொல்லித் திருத்துவேன்?

எங்கள் பக்கத்து முட்டாள்தனம் இன்னொன்றையும் கேளுங்கள். தாவித்தாவைக் குளிப்பாட்ட சமோவாப் பெண் ஒருத்தியையே போட்டேன். சொந்த மொழி, சொந்த ஊர், இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குப் பெருமை வேறு. அவர் குளிக்கவே மறுத்தார். அவர்கள் முறையில் அவள் அவருக்குத் தங்கை ஆகிறாள். தங்கை முன்னால் ஆடை களைவது அவருக்குச் சாவு. கடைசியில் பிலிப்பைன்ஸ்காரப் பையன் ஒருவனிடம் சிரித்துக்கொண்டே முதுகைக் காட்டினார். நம்மவர் வேண்டுமா வேற்றாள் வேண்டுமா என்று நாம் முடிவு செய்யக் கூடாது. யார் உடம்போ அவரைக் கேட்க வேண்டும். அத்தா அம்மாவிடம் கேட்கவில்லை. நீங்களும் அத்தாவிடம் கேட்கவில்லை.

கேட்டுப் பாருங்கள், அண்ணா. கெஞ்சுகிறேன்.

மெஹ்னாஸ்


ராயபுரம்,
30 ஜனவரி 2025

மெஹ்னாஸுக்கு,

சலாம். இங்கே பனி விலகிவிட்டது. எனக்கு இருமல் இருந்தது, போய்விட்டது. உனக்கும் சுகம்தானே?

வாராவாரம் வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். ஜும்ஆ நேரமாகப் பார்த்துப் போவேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போய்ச் சேரும்போது, பக்கத்துப் பள்ளிவாசலில் பிரசங்கம் ஆரம்பித்திருக்கும். அவருக்குக் கேட்கும். அவருக்குக் கேட்கிறது என்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்காருகிறேன். அவர் வாயிலிருந்து அம்மாவின் பெயர் வர வேண்டும். ரஹீமுன்னிசா. பெயரைச் சொல்லி, செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதும், மறுநாளே எல்லாம் மாறும். அவர் பேசுவதெல்லாம் வேறு.

"பசங்களுக்குப் பரீட்சையா?"

"இல்லை."

"மூஞ்சி ஏன் இப்பிடி வத்திக் கீது? நாஸ்டா துன்றியா இல்லியா?"

நான் பதில் சொல்வதில்லை. தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற சத்தம் கேட்டதும் எழுந்து வந்துவிடுவேன்.

போன வாரம் ஜானட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், உங்க அப்பா ராத்திரியும் பகலும் கால்முட்டை மடக்கிக் குத்தவச்சுக்கிட்டேதான் படுக்காரு. காலை நீட்டவே மாட்டுக்காரு. வயித்து வலியோன்னு மாத்திரை குடுத்தோம், கேக்கல. இப்பம் முட்டு இறுகிட்டு வருது. எங்க வலிக்குன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாரு. நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றார்.

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

நலமாக இரு.

தவ்ஃபீக்


ஆக்லாந்து,
30 ஜனவரி 2025

அண்ணா,

கட்டில் எந்தப் பக்கம் போட்டிருக்கிறது?

தலை கடல் பக்கமா? அப்படியானால் கால் மேற்கே. தொழும் திசைக்கு, கிப்லாவுக்கு நேரே. நம் வீட்டில் குழந்தை தூக்கத்தில் அந்தப் பக்கம் காலை நீட்டினாலும் எழுந்து வந்து திருப்பிப் போடுகிறவர் அத்தா. அவர் வயிற்று வலியால் மடக்கவில்லை. நீட்டக் கூடாது என்று மடக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டரை மாதமாகவா?

உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஜானட்டிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கட்டிலைத் திருப்பிப் போட எவ்வளவு நேரமாகும்?

மெஹ்னாஸ்


ஆக்லாந்து,
17 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

ஸலாம். உங்கள் உடல்நலம் எப்படி என்று தெரியவில்லை, பதில் இல்லாததால். இங்கே சுகம்.

இனிக் காத்திருப்பதில் பயனில்லை என்று ஜானட்டின் எண்ணைத் தேடிப் பிடித்து நானே பேசினேன். அவர் அழுதுவிட்டார். "அய்யோ, எங்க கையாலேயே அந்த மனுசனை இப்பிடிப் படுக்க வச்சிருக்கோமே, அவரு மகன் ஒண்ணுமில்லன்னாருல்லா" என்றார். நான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது என்று பொய் சொன்னேன்.

கட்டிலை அன்றைக்கே தெற்கு வடக்காகத் திருப்பிவிட்டார்கள். சுயம்பு என்று ஓர் ஆள் வேலைக்கு இருக்கிறாராம். இனி அவர்தான் குளிப்பாட்டுகிறார், தண்ணீரால் கழுவுகிறார். அத்தா படுத்தபடியே தொழத் தொடங்கிவிட்டார் என்று நேற்றுச் செய்தி வந்தது. முட்டிதான் இன்னும் முழுதாக நீளவில்லை.

உங்களைக் கேட்காமல் செய்தேன். தெரிவிக்கிறேன், அவ்வளவே.

மெஹ்னாஸ்


ராயபுரம்,
18 பிப்ரவரி 2025

மெஹ்னாஸ்,

சலாம், சுகம், எல்லாம் நீயே போட்டுக்கொள்.

என் கையெழுத்தில் சேர்ந்தவர் அவர். என் கையெழுத்தில் வெளியே எடுப்பேன். மணலி புதுநகரில் ஓர் இடம் பார்த்திருக்கிறேன். அதன் பெயரை உனக்குச் சொல்ல மாட்டேன், எண்ணும் கிடைக்காது. அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லையாம்.

அம்மா கிடந்த மாதங்களில் ஆக்லாந்திலிருந்து ஒரு போன் போட்டு ஒரு கட்டிலைத் திருப்ப உனக்குத் தோன்றவில்லை. இவருக்கென்றால் தோன்றுகிறது. சிறுவயதிலிருந்து நீ அத்தாவின் செல்லம்தானே?

தவ்ஃபீக்


ஆக்லாந்து,
2 மார்ச் 2025

அண்ணனுக்கு,

ஸலாம். இன்று முதல் நோன்பு. அம்மா இருந்தால் உங்களுக்கு நோன்புக் கஞ்சி வைத்திருப்பார். சர்க்கரையோடு நோன்பு பிடிக்காதீர்கள்.

கடைசிக் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், எழுதியதெல்லாம் உங்கள் கடிதம் மாதிரியே வந்தது. அழித்தேன். இதை அழிக்கப் போவதில்லை.

டிசம்பரில் நீங்கள் எழுதியதை மறுபடி படித்தேன். வாசலில் அன்று மூன்று பேர் இருந்திருக்கிறீர்கள். படியை மறித்தவர் ஒருவர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர் ஒருவர். மூன்றாவது ஆள் என்ன செய்தார் என்று கடிதத்தில் இல்லை. ஐம்பது வயது தாண்டிய ஆண், படித்தவர், அந்த வீட்டில் பாதிச் செலவு அவருடையது. நகருங்கள் அத்தா என்று சொல்லி ரெஜினாவை உள்ளே அழைத்துப் போயிருக்கலாம். மறுநாள் அத்தா கடைக்குப் போன பிறகாவது அழைத்திருக்கலாம்.

அத்தாவை மணலிக்கு அல்ல, எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். இந்தக் கேள்வியும் கூட வரும்.

மெஹ்னாஸ்


ராயபுரம்,
6 ஏப்ரல் 2025

மெஹ்னாஸுக்கு,

சலாம். பெருநாள் இங்கே போன திங்கட்கிழமை. பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. நான் வீட்டில் தனியாகத்தான் இருந்தேன்.

பெருநாளுக்கு மறுநாள் எர்ணாவூருக்கு ஆட்டோவோடு போனேன். அவரை எடுத்துக்கொண்டு மணலிக்குப் போவதாக ஏற்பாடு. அறையில் கட்டில் காலியாக இருந்தது. பின்பக்கம் திரை கட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சுயம்பு குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அப்பன் காலத்தில் தெற்கேயிருந்து வந்த குடும்பம், இவன் திருவொற்றியூரிலேயே பிறந்தவன். பேச்சைக் கேட்டு வெளியிலேயே நின்றேன்.

"கையத் தூக்கு பாய். அய்ய, இன்னா இவ்ளோ வெக்கம்? நீ கண்ணாலத்துக்கா ரெடியாவுற?"

"தண்ணி ஜில்லுனு கீதுடா, கசுமாலம்."

"ஜில்லுனு கீதா? நேத்து சூடாக் கீதுன்ன. ஒனக்குன்னு கடல்லருந்து தனியா பைப்பு போடணும் போல."

"போடு. உப்புத் தண்ணில உன் மூஞ்சக் கழுவு, வெளுக்கும்."

அத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு வருடக் கணக்காகிறது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அம்மாவுக்கு இப்படி ஒருத்தி வந்து கேலி பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றியிருப்பாள். ஊற்றவிடவில்லை இவர்.

திரையை விலக்கிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை இழுத்துத் தொடையை மூடிக்கொண்டார். சுயம்பு முன் மூடாததை என் முன் மூடினார். சுயம்புவை வெளியே இருக்கச் சொன்னேன்.

"இன்னா, வேற எடம் பாத்துட்டியா?" என்றார்.

"ஆமாம். மணலி புதுநகர்."

"அங்க கட்டில எந்தப் பக்கம் போடுவானுங்க?"

"தெரிஞ்சுதான் கெடந்தீங்களா? ஜானட்டம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"நீ எதுக்குப் போட்டன்னு தெர்யும்டா. உங்கம்மாவுக்கு. தெர்யாமயா முட்டிய மடக்கினு கெடப்பேன்? வேற யாராச்சும் போட்டிருந்தா அன்னிக்கே கத்தி ஊரக் கூட்டிருப்பேன்."

"அப்போ செஞ்சது தப்புன்னு தெரியுதா?"

தண்ணீர் தாடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த நர்ஸம்மா கையில செருப்பெடுத்துக்கினு போச்சே, அத்தோட மூஞ்சிதான் தெனம் வருது. கண்ண மூடினா அதான். ரஹீமுன்னிசா மூஞ்சி வர்ல. எவ்ளோ ரோசன பண்ணாலும் வர மாட்டுது" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "போதுமாடா?"

நான் கேட்டுக்கொண்டிருந்த பெயரைச் சொல்லிவிட்டார். இதற்காகத்தான் குளிர்காலம் முழுவதும் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"போதாது" என்றேன்.

"செரி. அப்ப மணலிக்கே இட்டுக்கினு போ. பழயபடி போடச் சொல்லு. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

இந்த மனிதர் எனக்குக் கடைசிவரை எதையும் விட்டுவைக்க மாட்டார், மெஹ்னாஸ். நான் கொடுத்த தண்டனையைக்கூட அவரே தனக்கு விதித்துக்கொண்டதாக ஆக்கிவிட்டார். நான் வெறும் கட்டில் போட்ட ஆள்.

ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் அங்கேயேதான் இருக்கிறார். இரக்கம் என்று எடுத்துக்கொள்ளாதே. அடுத்து என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன் மார்ச் மாதக் கடிதம் கிடைத்தது.

தவ்ஃபீக்


ஆக்லாந்து,
8 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

ஸலாம். சுகம். உங்கள் கடிதத்தை வேலைக்கு நடுவே படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தபோது தாவித்தா பார்த்துவிட்டு, "வீட்டில் யார்?" என்றார். "அப்பா" என்றேன். "தூரமா?" என்றார். "தூரம்" என்றேன். உட்காரச் சொல்லி என் தலைமேல் கைவைத்து அவர் மொழியில் ஏதோ ஜெபித்தார்.

அம்மாவுக்காக என்று நீங்கள் தண்டித்தீர்கள். அம்மாவுக்காக என்று அத்தா வாங்கிக்கொண்டார். நடுவில் அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குப் புரியவில்லை.

ஜூலையில் விடுமுறை கிடைக்கும் போலிருக்கிறது. நான் வந்தால் கதவைத் திறப்பீர்களா?

மெஹ்னாஸ்


ராயபுரம்,
25 மே 2025

மெஹ்னாஸுக்கு,

சலாம். வெயில் கொளுத்துகிறது. நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இதை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

அத்தாவைப் போன வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்து யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. மன்னிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

கட்டிலை முன்னறையில் போட்டிருக்கிறேன். தலை வடக்கே, கால் தெற்கே. வலப்பக்கம் ஒருக்களித்தால் முகம் மேற்கே வரும். நம் வீட்டு வாசலும் மேற்குதான். தொழுகைக்கென்று அவர் எப்போது திரும்பினாலும், ரெஜினா நின்ற படி கண்ணுக்கு நேரே இருக்கும். அளந்து பார்த்துத்தான் போட்டேன்.

டிசம்பரில் நீ சொன்னதுபோல, யார் உடம்போ அவரைக் கேட்டேன். "யார் கழுவணும்?" என்றேன். "நீ வேணாம். சுயம்புவக் கூப்புடு" என்றார். ஜானட்டிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டேன். சுயம்பு தினமும் காலையில் இங்கே வந்துவிட்டுத்தான் எர்ணாவூருக்குப் போகிறான்.

அவனிடம் ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறேன். கதவு திறந்திருந்தாலும் நேரே உள்ளே வரக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே நிற்க வேண்டும். படுத்திருப்பவர் வாய்விட்டு அழைத்தால்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். "இன்னா சார் இது, ராஜா தர்பாரா?" என்று சிரித்தான். முதல் நாள் அத்தாவுக்குப் புரியவில்லை. அவன் நிற்க, இவர் பார்க்க, துணி நனைந்து கிடக்க, நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவருக்குப் புரிந்தது. என் பக்கம் ஒருமுறை பார்த்தார். முகத்தை வாசலுக்குத் திருப்பினார்.

"உள்ள வாப்பா" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் சொல்கிறார். சொல்லாமல் அவருக்குச் சுத்தம் இல்லை, தொழுகை இல்லை. மூச்சு உள்ளவரை சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

ஜூலையில் வா. கதவு திறந்திருக்கும். அவரை நீ கழுவப் போகாதே, மகள் கையால் அவர் தாங்க மாட்டார்.

மார்ச்சில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுத மாட்டேன். ஆனால் அந்த முதல் நாளுக்குப் பிறகு, சுயம்பு வருகிற நேரத்தில் நான் முன்னறையில் இருப்பதில்லை. சமையலறையை ஒட்டிய அறைக்குப் போய், அம்மா படுத்திருந்த இடத்தில், சுவரைப் பார்த்து நிற்கிறேன். வாசலில் பேசுவது அங்கே ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது.

உன் அண்ணன்
தவ்ஃபீக்